டர்பனிலிருந்து பழம்பொருள்களை வெளிநாட்டுக்கு இணையவழியில் விற்பது: எங்கிருந்து தொடங்கலாம்?

விளக்குக்கடை, டர்பன்

அனைவருக்கும் வணக்கம். பழைய கிரே தெருவை, அதாவது இன்றைய டாக்டர் யூசுப் தாதூ தெருவை, ஒட்டி எங்கள் தாத்தா தொடங்கிய பழம்பொருள் கடையை இப்போது அப்பாவும் சித்தப்பாவும் நானும் நடத்தி வருகிறோம். பித்தளைக் குத்துவிளக்குகள், செம்புகள், தாம்பாளங்கள், ஆங்கிலேயர் வீடுகளிலிருந்து வந்த வெள்ளிக் கரண்டிகள், ஸ்டிங்க்வுட் மரத்தில் செய்து தோல்வார் பின்னிய பழைய கேப் நாற்காலிகள், ஒலிபான்ட்ஸ்பொன்டெயின் ஆலையில் செய்த லின் வேர் மண்பாண்டங்கள், குடியரசுக் காலத்து நாணயங்கள் என்று பலவகைப் பொருள்கள் எங்களிடம் உள்ளன. கடைக்கு வந்து பார்த்து வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் லண்டனிலும் டொரன்டோவிலும் குடியேறிய நம் ஊர்க் குடும்பங்கள் "இதை எங்களுக்கு அனுப்ப முடியுமா?" என்று கேட்பது அதிகமாகிவிட்டது.

கையில் எடுத்துப் பார்க்காமல் பழம்பொருளை யாரும் நம்பி வாங்கமாட்டார்கள் என்பது அப்பாவின் எண்ணம். கடையில் உள்ள அனைத்தையும் படமெடுத்து ஏற்றிவிட்டால் விற்பது விற்கட்டும் என்பது சித்தப்பாவின் எண்ணம். எதை முதலில் விற்பது, எதற்கு அனுமதி வேண்டும், எப்படிக் கட்டி அனுப்புவது, பணம் எப்படி வந்து சேரும் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

சரக்கு முகவர், லெனேசியா

சுங்கத் தீர்வுப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் சித்தப்பாவின் யோசனையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள், அம்மா. அனுமதி தேவைப்படும் ஒரு பொருளைப் பட்டியலில் ஏற்றி, விற்று, பணமும் வாங்கிவிட்டு, பிறகு அனுப்ப முடியாமல் நிற்பதைவிட, ஏற்றுவதற்கு முன்பே கடையைப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம். அதன் 32ஆம் பிரிவின்படி மரபுப் பொருள் என்று அறிவிக்கப்பட்ட எதையும் தென்னாப்பிரிக்க மரபுவள முகமையான சாராவின் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மண்ணிலிருந்து எடுத்தவை, ஓவியம் முதலிய காட்சிக்கலைப் பொருள்கள், போர்க்கருவிகள், நாணயங்கள், பண்பாட்டு வரலாற்று முக்கியத்துவம் உடையவை, வாய்மொழி மரபோடும் வாழும் மரபோடும் தொடர்புடையவை, அறிவியல் கருவிகள், பழைய நூல்களும் ஆவணங்களும் ஒளிப்படங்களும் என்று அந்தப் பிரிவு பல வகைகளைக் குறிப்பிடுகிறது. இந்த வகைகளுக்குள் வரும் எல்லாமே தடைசெய்யப்பட்டவை என்று பொருள் இல்லை. அரசிதழில் வெளியான பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் படமும் அளவும் சேர்த்து சாராவிடம் எழுத்தில் கேளுங்கள். அனுமதி விண்ணப்பமும் அவர்களுடைய சாரிஸ் என்னும் இணையத்தளத்தின் வழியே செய்வதுதான். உங்கள் கடையில் அந்த நாணயங்களையும், ஆங்கிலேய-போயர் போர் சார்ந்த பதக்கம், பித்தான் போன்றவை இருந்தால் அவற்றையும் முதலில் தனியே எடுத்து வையுங்கள். நிலத்திலிருந்து தோண்டியெடுத்த தொல்பொருள்கள் 35ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. அவற்றைக் கடைக்குள்ளேயே அனுமதிக்காதீர்கள்.

அடுத்தது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு சைட்டிஸ் உடன்படிக்கை. தந்தம், கடலாமை ஓடு, சில மரவகைகள் இதில் அடங்கும். இந்திய ரோஸ்வுட் உள்ளிட்ட டால்பெர்ஜியா இனங்கள் 2017 ஜனவரி முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளன. பட்டியலிட்ட மரத்தின் எடை ஓர் அனுப்பீட்டில் 10 கிலோவுக்குள் இருந்தால் முடிந்த வேலைப்பாட்டுப் பொருளுக்கு விலக்கு உண்டு. எனவே சிறிய நகைப்பெட்டி போகும்; அலமாரி போகாது, அதற்கு உரிய சான்றிதழ் வேண்டும்.

இவை இரண்டிலும் சிக்காத வெள்ளிக் கரண்டி, மண்பாண்டம், சிறிய பித்தளைப் பாத்திரம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

சேகரிப்பாளர், கேப் டவுன்

நான் வாங்குகிற பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கள் அப்பா கேட்பது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை, கையில் எடுத்துப் பார்த்தால் வாங்குபவர் எதையெல்லாம் கவனிப்பாரோ அதையெல்லாம் நீங்கள் அவருக்காகக் கவனித்து எழுதிவிடுவதுதான்.

பித்தளை விளக்கு என்றால் உயரம், அடித்தட்டின் விட்டம், எடை ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். எடையைக் கொடுக்காத விற்பனையாளரிடம் நான் விளக்கு வாங்குவதில்லை, ஏனென்றால் பழைய வார்ப்புக்கும் இக்கால மெல்லிய வார்ப்புக்கும் உள்ள வேறுபாடு படத்தில் தெரியாது, தராசில்தான் தெரியும். அடித்தட்டைக் கவிழ்த்து ஒரு படம், திருகுமரைகளைக் கழற்றி ஒரு படம், எண்ணெய் முகங்களின் தேய்மானத்துக்கு ஒரு படம் என்று எடுங்கள். எங்காவது பற்றவைத்த இடம் இருந்தால் அதை மிக அருகில் எடுத்து, "இங்கே பழுதுபார்க்கப்பட்டுள்ளது" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். இப்படி எழுதுகிற கடைக்கு நான் மீண்டும் மீண்டும் போகிறேன்.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொங்கலுக்குத் துலக்குவதைப் போல, விற்பதற்கு முன் விளக்கைப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். பல பதிற்றாண்டுகளாகப் படிந்த அந்தப் பழுப்பு நிறம்தான் பொருளின் வயதுக்குச் சாட்சி. போன பிறகு அதைத் திரும்ப வரவழைக்க முடியாது. தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மட்டும் மென்மையான துணியால் எடுத்தால் போதும்.

வெள்ளியில் முத்திரைகளைப் படமெடுங்கள். நடைபோடும் சிங்கம் இருந்தால் அது ஆங்கிலேய ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்தில் 925 பங்கு தூய்மை உடையது. நங்கூரம் பர்மிங்காமையும் சிறுத்தைத் தலை லண்டனையும் குறிக்கும். அருகில் உள்ள எழுத்து ஆண்டைச் சொல்லும். நான்கு ஆங்கில எழுத்துகளாக ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் அது முலாம் பூசியது. அதை வெள்ளி என்று எழுதினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், பெயரும் கெடும்.

விளக்குக்கடை, டர்பன்

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு பொருள்களைப் பற்றித் தனியே கேட்க வேண்டும். தந்தப் பிடியுள்ள பழைய கத்தி, முள்கரண்டித் தொகுதிகள் சில எங்களிடம் உள்ளன. லண்டனிலிருந்து ஒருவர் அவற்றைக் கேட்கிறார். மேலும், ஒப்பந்தக் கூலிகளாக வந்த குடும்பங்களின் வழியாக எங்களிடம் சேர்ந்த விளக்குகளையும் செம்புகளையும் எப்படி விவரிப்பது, அவற்றை விற்கலாமா என்பதில் எங்கள் வீட்டிலேயே கருத்து வேறுபாடு உள்ளது.

சரக்கு முகவர், லெனேசியா

தந்தத்தை விட்டுவிடுங்கள். பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் உள்ளது. 1947க்கு முன் செய்யப்பட்டதாகவும் தந்தத்தின் அளவு பத்து விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருந்தால் பதிவு செய்து விற்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் முழுப்பிடியும் தந்தமாக உள்ள கத்தி அந்த அளவுக்குள் அடங்காது. அமெரிக்காவும் 2016 முதல் ஏறக்குறைய முழுத்தடை விதித்துள்ளது. ஈபே 2009ஆம் ஆண்டு முதலே தந்தத்தை ஏற்பதில்லை. யானை வாழும் நாட்டில் இருக்கும் நாம் இந்த வணிகத்தில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆவண ஆய்வாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஒப்பந்தக் குடும்பங்களின் பொருள்களைப் பற்றிய கேள்விக்கு நான் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த இழையில் மிக முக்கியமானது இதுதான் என்று கருதுகிறேன்.

1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒரு இலட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியே வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் தரப்பட்டது. கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவை எழுதப்பட்டன. ஒரு குடும்பம் விளக்கைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுக்கும்போது, "இது எங்கள் பாட்டியுடையது" என்று சொன்னால் அது செவிவழிச் செய்தி. அதே குடும்பம் பாட்டியின் குடியேற்ற எண்ணையும், அவர் வேலை பார்த்த கரும்புத் தோட்டத்தின் பெயரையும், விளக்கு யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அது மூலச்சான்று. வெளிநாட்டில் வாங்குபவர் விலை கொடுப்பது பெருமளவில் இந்தத் தாளுக்குத்தான். அது இல்லாத விளக்கு அவருக்கு வெறும் பித்தளை எடை.

இதற்கு உங்களிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகச் சட்டப்படி நீங்கள் காவல்துறையிடம் பதிவு செய்திருப்பீர்கள். வாங்கிய ஒவ்வொரு பொருளையும் விற்றவர் விவரத்தோடு பதிவேட்டில் எழுதி, ஏழு நாள் வைத்திருந்த பிறகே விற்கிறீர்கள். சட்டத்துக்காக எழுதும் அந்தப் பதிவேட்டில் குடும்பம் சொல்லும் வரலாற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். உங்கள் தாத்தா காலத்துக் குறிப்பேடுகள் இருந்தால் பழைய காகிதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்த ஆண்டிலிருந்து ஒரு பொருள் டர்பனில் இருக்கிறது என்பதை நிறுவ அதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

ஒருபோதும் செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. சான்று இல்லாத விளக்கை "ஒப்பந்தக் கப்பலில் வந்தது" என்று எழுதாதீர்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்திய வணிகர்கள் இறக்குமதி செய்து இங்கே கடைகளில் விற்ற பித்தளைச் சாமான்கள் ஏராளம். "டர்பன் தமிழ்க் குடும்பம் ஒன்றிடமிருந்து வாங்கியது, காலம் உறுதியில்லை" என்று எழுதுவதே நேர்மை.

செப்புத் திருமேனிகள் எதுவாக இருந்தாலும் இதைவிடப் பலமடங்கு எச்சரிக்கை வேண்டும். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோய் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கிய நடராசரை 2014ஆம் ஆண்டு அந்த நாட்டின் பிரதமரே இந்தியாவிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தையே மூலச்சான்று என்று காட்டிய தாள்கள் ஏமாற்றியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஜூன் 28 முதல் பண்பாட்டுப் பொருள் இறக்குமதி விதிகளை முழுமையாக நடைமுறைப்படுத்துகிறது. 250 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களுக்கும் கோயில்களிலிருந்து பெயர்த்தெடுத்த பகுதிகளுக்கும் இறக்குமதி உரிமம் வேண்டும். 200 ஆண்டைக் கடந்து 18,000 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள பல வகைப் பொருள்களுக்கு இறக்குமதியாளரின் உறுதிமொழி வேண்டும்.

வாசகர், பீனிக்ஸ்

மேலே ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. நம் முன்னோர் மிகச் சில பொருள்களோடு வந்தார்கள். வசிப்பிடங்களை இனவாரியாகப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்டபோது அவற்றிலும் பலவற்றை இழந்தார்கள். எஞ்சியவற்றை நாமே டாலருக்காக ஏற்றுமதி செய்தால் நம் பிள்ளைகள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்? டர்பனில் 1860 மரபு மையம் இருக்கிறது. வரலாறு தெரிந்த பொருள்களை முதலில் அங்கே காட்ட வேண்டும்.

சேகரிப்பாளர், கேப் டவுன்

உங்கள் வருத்தம் நியாயமானது, அண்ணா. ஆனால் கேட்பவர்களில் பலர் நம்மவர்களே என்பதையும் பாருங்கள். டொரன்டோவில் பிறந்த பேத்தி தன் பூட்டியின் ஊர் விளக்கை வாங்கி ஏற்றினால் அது இழப்பாகாது. மேலும் விற்கும் குடும்பத்துக்குப் பணத்தேவை இருக்கும்போது, "நீ விற்காதே" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. வரலாறு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் முதலில் இங்குள்ள மையத்துக்கும் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்கும் காட்டுவது, அவர்கள் வேண்டாம் என்றால் வெளியே கொடுப்பது என்ற ஒழுங்கை ஒரு கடை தானாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆவண ஆய்வாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இதை நானும் ஏற்கிறேன். விற்பதற்கு முன் படமும் அளவும் குடும்ப வரலாறும் அடங்கிய ஒரு நகலையாவது ஆவணக் காப்பகத்தில் வைத்துவிடுங்கள். வாய்மொழி மரபோடு தொடர்புடைய பொருள் என்ற வகை சட்டத்திலேயே இருப்பதால், இத்தகைய விளக்குகளுக்கு சாராவின் கருத்தைக் கேட்பதும் முறையானது.

சரக்கு முகவர், லெனேசியா

கட்டுவதையும் அனுப்புவதையும் பற்றி இப்போது எழுதுகிறேன். கூரியர்கள் உண்மையான எடையையும் கன அளவு எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் கன அளவு எடை கிடைக்கும். எட்டுக் கிலோ குத்துவிளக்கை அப்படியே நிறுத்தி 60, 40, 40 அளவுள்ள பெட்டியில் வைத்தால் 19.2 கிலோவுக்குக் கட்டணம் கேட்பார்கள். அதே விளக்கைத் திருகிக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சுற்றி, 45, 30, 25 அளவுள்ள பெட்டியில் படுக்கவைத்தால் கன எடை 6.75 கிலோதான், சுற்றுப்பொருளோடு சேர்ந்த உண்மையான எடைக்குக் கொடுத்தால் போதும். நம் முன்னோர் கழற்றி மாட்டும்படி வார்த்தது இன்றும் பயன்படுகிறது. மரை இறுகியிருந்தால் மட்டும் வலிந்து திருகாதீர்கள்.

மண்பாண்டங்களுக்கு இரட்டைப் பெட்டி முறையைக் கையாளுங்கள். உள்பெட்டியில் எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை, இரு பெட்டிகளுக்கும் இடையில் மீண்டும் அதே அளவு. கட்டி முடித்த பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. நாற்காலிக்கு மரக்கூடு அடித்தால், முழுமரப் பலகைக்கு, மரக்கூடுகள் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் பன்னாட்டு ஐ.எஸ்.பி.எம். 15 விதிப்படி மையப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் முப்பது நிமிடம் இருக்கும்படி பதப்படுத்திய முத்திரை வேண்டும். ஒட்டுப்பலகைக் கூட்டுக்கு அந்த விதி பொருந்தாது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பழைய மரமும் தோல்வாரும் போவதற்குத் தனிச் சோதனை உண்டு என்பதால் நாற்காலிகளைப் பின்னொரு கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கப் படிவத்தில் "பழைய பித்தளை" என்று மட்டும் எழுதுவது பெருந்தவறு. நூறு ஆண்டைக் கடந்த பொருளுக்கு உலகச் சுங்கப் பட்டியலில் 9706 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. அதன்கீழ் பிரிட்டனில் இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி ஐந்து விழுக்காடாகக் குறைகிறது; அமெரிக்காவில் அடிப்படைத் தீர்வை இல்லை. வயதுக்குச் சான்று கேட்பார்கள். மேலே ஆய்வாளர் ஐயா சொன்ன தாள் இங்கேயும் வேலை செய்யும். நூறு ஆண்டு ஆகாத லின் வேர் பாண்டத்தை இந்தத் தலைப்பில் காட்டக் கூடாது. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. எனவே வரியை யார் கட்டுவது என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதுங்கள். வாங்குபவர் கட்டுவதாக இருந்தால் தொடக்கத்திலேயே அவருக்குத் தெரிய வேண்டும். "அன்பளிப்பு என்று எழுதுங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள்" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அது பொய் அறிவிப்பு. உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும். பல கூரியர்களின் நிபந்தனைகளில் பழம்பொருளுக்கு இழப்பீட்டு வரம்பு இருப்பதால் தனிக் காப்பீடு எடுப்பது நல்லது.

கணக்காளர், ஜொகன்னஸ்பர்க்

பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஏற்றுமதிக்கு மதிப்புக்கூட்டு வரி பூச்சிய விகிதம். அனுப்பிய சான்றும் பணம் வந்த சான்றும் கோப்பில் இருக்க வேண்டும். ஆனால் பழம்பொருள் கடைகளுக்கு மட்டும் உரிய ஒரு நுணுக்கம் உண்டு. பதிவு பெறாத தனிநபரிடமிருந்து வாங்கியபோது கருத்தியல் உள்வரிக் கழிவு (கொடுத்த விலைக்குள் வரி அடங்கியிருப்பதாகக் கருதி எடுக்கும் கழிவு) எடுத்திருந்தால், அதே பொருளை ஏற்றுமதி செய்யும்போது அந்தக் கழிவின் அளவுக்கு வரியைத் திரும்பக் காட்ட வேண்டும். விலை குறிக்கும்போதே இதைக் கணக்கில் கொள்ளுங்கள். அந்நியச் செலாவணி விதிப்படி ஏற்றுமதிப் பணம் ஆறு மாதத்துக்குள் நாட்டுக்குள் வந்தாக வேண்டும். எனவே நீண்ட தவணைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பேபால் வழியே பெற்றால், வாங்குபவர் 180 நாள் வரை முறையீடு செய்யலாம் என்பதை மறக்க வேண்டாம். 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள விற்பனைக்குக் கையொப்பத்தோடு ஒப்படைத்த சான்று இல்லையென்றால் விற்பனையாளர் பாதுகாப்பு கிடைக்காது. பணம் கட்டியபோது காட்டிய முகவரிக்கு மட்டுமே அனுப்புங்கள்.

விளக்குக்கடை, டர்பன்

அனைவரும் எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். தந்தப் பிடிகளை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம். நாணயங்களைப் பற்றி சாராவுக்கு எழுதுகிறோம். வெள்ளியும் லின் வேர் பாண்டங்களும் முதலில் பட்டியலில் ஏறும். குடும்ப வரலாறு எழுதிக் கையொப்பம் பெறுவதற்கான தாளை அப்பாவே தயாரிக்கிறார். விற்ற குடும்பங்களில் பலரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும் என்பதால் பழைய பொருள்களுக்கும் கேட்டுப் பெறமுடியும் என்கிறார். வரலாறு உறுதியாகும் விளக்குகளை மரபு மையத்துக்குக் காட்டிய பிறகே முடிவு செய்வோம் என்று சித்தப்பாவும் ஒப்புக்கொண்டார். ஒரே ஓர் ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது: பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் ஏற்பதா?

சேகரிப்பாளர், கேப் டவுன்

ஏற்றுக்கொள்ளுங்கள், தங்கச்சி, ஆனால் நிபந்தனையை எழுதி வையுங்கள். விவரிப்பு தவறென்றால் அனுப்பும் செலவு உங்களுடையது; மனம் மாறியதென்றால் அவருடையது. அனுப்புமுன் எடையையும், பழைய கீறல்கள் தெரியும் படங்களையும் தேதியோடு சேமித்து வைத்தால், திரும்பி வருவது நீங்கள் அனுப்பிய அதே பொருள்தானா என்பதை உறுதி செய்யலாம். திருப்பி அனுப்புபவர் "திரும்பும் பொருள்" என்று சுங்கப் படிவத்தில் எழுத வேண்டும் என்பதையும், உங்கள் ஏற்றுமதி ஆவணத்தின் நகலை அதனுடன் இணைக்க வேண்டும் என்பதையும் அவருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பொருளுக்கே நீங்கள் இங்கே இறக்குமதி வரி கட்ட நேரிடும்.